வானலைப் பந்தய வண்டி அமைக்கும் வகை

தமிழாசிரியனுக்கும் பந்தய வண்டிக்கும் யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவுதல் கூடும். அவ்வினாவை எம்மிடம் முதன்முதல் எழுப்பியவர் எம் இல்லாளே. உணவு மேசையின் மீது எண்ணெய்ப் புட்டிகளும் பற்சில்லுகளும் பரந்து கிடந்ததைக் கண்டபோது அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அன்று விடையளிக்க இயலாதிருந்த யாம் இன்று இக்கட்டுரை வாயிலாக விடையளிக்க முயல்கின்றோம்.

நிகழ்ந்தது இதுவே. இவ்விழாவையொட்டி நடைபெறவிருந்த பொருட்காட்சிக்கென, கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் சிலர் விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு பெட்டி அனுப்பிவைத்தனர். வானலையால் ஏவப்பட்டு மேடு பள்ளங்களில் விரைந்தோடும் பந்தய ‘ட்றக்’ ஒன்று அதனுள் இருந்தது. ஆயின் அது வண்டியாக இருக்கவில்லை. உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவினதாய் அமையவேண்டிய அது, நூற்றுக்கணக்கான உறுப்புகளாகப் பிரிந்து, பைகளிலும் பிளாத்திக்குச் சட்டங்களிலும் அடங்கிக் கிடந்தது. மன்றத்துக்குப் பொறுப்பாயிருந்த விஞ்ஞான ஆசிரியரோ அவ்வேளை இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். “பொறுமையுள்ளவர் நீங்கள்தான்” என்று கூறி அதிபர் அவர்கள் அப்பெட்டியை எம்மிடம் ஒப்படைத்தார்கள். பொருட்காட்சிக்கு எட்டுக் கிழமைகள் இருந்தன. ஓர் உறுப்பு முறிந்தால் அதற்கு மாற்றுறுப்பு வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். அது வந்து சேர எட்டுக் கிழமை போதாது. எனவே ஒவ்வோர் ஆணியையும் முடுக்கும்போது எம் நெஞ்சு பதைத்தது என்றால் அது மிகையன்று. அன்பளிப்பாக வந்த பொருளைப் பழுதாக்கிவிட்டு அவர்கள் முன் எவ்வாறு நிற்பது?

ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், “விளையாட்டுப் பொருளுக்குப் பள்ளிக்கூட நேரமா?” என்று கேட்டார். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இது விளையாட்டுப் பொருளேதான். ஆயினும் இதன் வயிற்றினுள் பௌதிக நூலில் பாதி அடங்கியிருக்கின்றது என்பதைப் பின்னர்க் கண்டோம்.

வானலையால் ஒரு பொருளை எட்ட நின்று ஏவலாம் என்பது புதிய எண்ணமன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கொலா தெசுலா என்னும் அறிஞர் நியூயோர்க்கு நகரின் மடிசன் சதுக்க அரங்கில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றைக் கம்பித் தொடர்பின்றி இயக்கிக் காட்டினார். எனினும் இவ்வித்தை பொதுமக்களின் கைக்கு வண்டியாக வந்துசேர நெடுங்காலம் சென்றது. யப்பான் நாட்டின் சிசுவோக்கா நகரில் 1946ஆம் ஆண்டில் மர வாணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், பின்னர் மாதிரிப் பொருள்கள் செய்யும் தொழிலில் இறங்கி, 1976ஆம் ஆண்டில் ‘போர்சே 934’ என்னும் காரின் வானலை மாதிரியை வெளியிட்டது. அது சமதரையில் ஓடுவது. 1979ஆம் ஆண்டில் அந்நிறுவனமே ‘சாண்ட் ஸ்கோச்சர்’, ‘றஃப் றைடர்’ என்னும் இரு வண்டிகளை மணலிலும் மண்ணிலும் ஓடத்தக்கனவாக ஆக்கியது. 1984ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலுள்ள அசோசியேற்றட் குழுவினர் ‘ஆர்.சி. 10’ என்னும் வண்டியை அலுமினிய உடலோடும், எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகளோடும் பந்தயத்துக்கென்றே செய்து விற்றனர். அதற்கு அடுத்த ஆண்டில், அதே கலிபோர்ணியாவில், கரடுநிலத்தில் ஓடும் சிறு மின்வண்டிகளுக்கான முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது.

‘ட்றக்’ என்னும் வகை தோன்றிய வரலாறும் சுவையானது. மெக்சிக்கோ நாட்டின் பாகா தீபகற்பத்துப் பாலைநிலத்தின் ஊடாக ஓடும் நெடும்பந்தயம் 1967ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனைக் காண விரும்புவோர் பாலைநிலத்தில் புழுதி தின்று நிற்கவேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் வண்டி கடந்துவிடும். மிக்கி தொம்சன் என்பார், மக்கள் மண்ணைத் தேடிச் செல்வதைவிட மண்ணை மக்களிடம் கொண்டுவருதல் எளிது எனக் கண்டு, பெரும் விளையாட்டரங்குகளுள் மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமும் அமைத்து அங்கே வண்டிகளை ஓட்டுவித்தார். அவ்வரங்கப் பந்தயங்களில் ஓடிய திறந்த முதுகுள்ள ‘ட்றக்’ வண்டிகளைப் பார்த்துச் சிறு வண்டி செய்வோரும் அவ்வடிவை மேற்கொண்டனர். பெரிய சில்லும் அகன்ற கால்களும் உடைய இவ்வகை, தாழ்ந்த ‘பகி’ வண்டிகளைப்போல எளிதிற் கவிழ்வதில்லை. மாணவர் கைக்கு இதுவே ஏற்றது என அன்பளித்தோர் தெரிந்தெடுத்தது அறிவுடைச் செயலேயாம்.

இனிப் பெட்டிக்குள் வருவோம். கூட்டும் முறையைக் கூறும் புத்தகம் யப்பான் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. படங்கள் நன்கு தெளிவானவை. எனினும் எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒன்பதின்மர் ஒரு மேசையைச் சூழ்ந்து நின்று, “அதை எடு, இதை எடு” என்று கூவினால் எந்த அது, எந்த இது? முதல் நாள் மாலை முழுவதும் இவ்வாறே கழிந்தது. பெயரில்லாத பொருளைக் கேட்டு வாங்க இயலாது. ஆகவே மறுநாள் யாம் எமக்குத் தெரிந்த தொழிலையே செய்தோம்; பெயரிடும் தொழில். சில்லு, அச்சு, குடம் என்பன மாட்டுவண்டியிலிருந்து தாமாகவே வந்தன. மோட்டரின் தண்டிலுள்ள சிறிய பற்சில்லைக் ‘குட்டி’ என்றும், அது சுழற்றும் பெரியதைத் ‘தாய்’ என்றும் மாணவர் வழங்கினர். வண்டியின் உடலிலிருந்து சில்லு வரை நீள்வது ‘கை’; சில்லைத் தாங்கித் திரும்பும் பகுதி ‘மணிக்கட்டு’. இரு பின்சில்லுகளுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் பொறிக்கு யாம் ‘பங்கீட்டுப் பற்சில்லு’ என்று பெயரிட்டோம். மாணவர் அதனைப் ‘பங்குக்காரன்’ என்றனர். யாம் எம் பெயரைக் கைவிட்டோம்.

அப்பங்குக்காரனின் தொழிலைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு நெடுந்தூரமும் உட்புறச் சில்லு குறுந்தூரமும் ஓடவேண்டியுள்ளது. இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருந்தால் ஒன்று தரையில் இழுபட்டே தீரும். பங்குக்காரனுள் சாய்ந்த பற்களையுடைய சிறு சில்லுகள், ஒன்றன் முகத்தை ஒன்று நோக்கியவாறு அமைந்துள்ளன. வலு உள்ளே வரும். ஆனால் எந்தச் சில்லு விரைந்தோட விரும்புகின்றதோ அதற்கு அது இடங்கொடுக்கும். இது சரிவரப் பூட்டப்பட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. தாய்ப் பற்சில்லை அசையாது பிடித்துக்கொண்டு வலப்புறச் சில்லை முன்னோக்கிச் சுழற்றுக. இடப்புறச் சில்லு பின்னோக்கிச் சுழலும். எம் மாணவர் இதனைக் கண்டு பத்து நிமிடம் வேறு வேலை செய்ய மறுத்துவிட்டனர். யாமும் அவர்களை அவசரப்படுத்தவில்லை; எமக்கும் பார்க்க ஆசையாயிருந்தது. இப்பொறியினுள் தடித்த பசையெண்ணெய் இடவேண்டும். இடாவிடின், ஒரு சில்லு மேட்டில் தூக்கி எழும்போது வலு முழுவதும் அதற்கே ஓடிவிடும். தரையிலுள்ள சில்லு வாளாவிருக்கும்.

ஆணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளாத்திக்கினுள் செல்லும் ஆணி தன் புரியைத் தானே வெட்டிக்கொண்டு செல்வது. அதனை மெல்லச் செலுத்தி, இறுக்கம் மிகுந்தால் அரைச்சுற்றுப் பின்வாங்கி மீண்டும் செலுத்தவேண்டும். தலை பதிந்தவுடன் நிறுத்தவேண்டும். அதற்குமேல் ஒரு கால் சுற்று முறுக்கினால் வெட்டிய புரி சிதைந்துபோம். உலோகத்தோடு உலோகம் சேருமிடத்தில், அதிர்வினால் ஆணி கழன்றுவிடாதபடி ஒரு துளி ஒட்டுத்திரவம் இடுவர். அதே திரவம் சிலவகைப் பிளாத்திக்கில் பட்டால் அது வெடித்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. இன்னுமொன்று: யப்பானிய ஆணிகளின் தலையிலுள்ள சிலுவைப் பள்ளம் அந்நாட்டு அளவுக்கேற்ப வெட்டப்பட்டது. நம் வீடுகளிலுள்ள சாதாரண திருப்புளி அதிற் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அடிவரை பதியாது. அழுத்தி முறுக்கினால் வழுகிப் பள்ளத்தைத் தின்றுவிடும். யாம் எம் தந்தையார் காலத்துத் திருப்புளியை மிகுந்த பெருமையோடு கொண்டுசென்றோம். மூன்று ஆணிகளின் தலையைத் தின்ற பின்னரே எம் பெருமை அடங்கியது. அவற்றுள் ஒன்று பின்னர் எமக்குப் பழிவாங்கிய கதையைக் கீழே கூறுவோம்.

கரடுநில வண்டியின் உயிர்நிலை அதிர்வுதாங்கி. வெறும் விற்சுருளை மட்டும் பொருத்தினால், வண்டி மேட்டிலிருந்து விழுந்ததும் பந்துபோலத் துள்ளும்; துள்ளும் நேரத்தில் சில்லு தரையைத் தொடாது; தரையைத் தொடாத சில்லு வண்டியைத் திருப்பவும் மாட்டாது, செலுத்தவும் மாட்டாது. ஆகவே விற்சுருளின் நடுவே எண்ணெய் நிரம்பிய குழலொன்று வைத்து, அதனுள் சிறு துளைகளையுடைய முசலமொன்றை ஓடவிடுகின்றனர். முசலம் மேலும் கீழும் செல்லும்போது எண்ணெய் அத்துளைகள் வழியே நெருங்கிச் செல்லவேண்டியிருத்தலால் அசைவு தணிகின்றது. துள்ளலின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாய்க் கழிகின்றது.

இதனை நிரப்புதல் நிதானம் வேண்டும் வேலை. குழலைச் செங்குத்தாகப் பிடித்து, சிலிக்கன் எண்ணெயை விளிம்பின் அருகு வரை ஊற்றி, முசலத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலெழும். அவை அடங்கும் வரை சில நிமிடம் அப்படியே நிறுத்திவைத்தல் வேண்டும். பின்னரே றப்பர்த் தகட்டை வைத்து மூடியை முடுக்கவேண்டும். உள்ளே காற்று எஞ்சினால் அத்தாங்கி அமுக்கும்போது ‘சளக் சளக்’ என்று ஒலிக்கும். நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். எமது முதல் நான்கில் மூன்று அவ்வாறே ஒலித்தன. வெப்பத்தில் எண்ணெய் இளகும் என்பதும் கருதத்தக்கது. குளிர்நாட்டார்க்கு ஏற்ற எண்ணெய் எம் ஊர் வெயிலில் நீர்த்துவிடுதலால், பெட்டியோடு வந்ததைவிடச் சற்றுத் தடித்த எண்ணெயை யாம் இட்டோம். நண்பகலில் ஓட்டிப் பார்த்தபோது அது சரியெனப்பட்டது.

இனி ஏவும் முறை. ஏவுவோன் கையிலிருப்பது அனுப்பி, வண்டியிலிருப்பது வாங்கி. முற்காலத்தில் இவை 27 மெகா ஹேட்ஸ் போன்ற மீடிறன்களில் இயங்கின. ஒரே மீடிறனில் இருவர் அனுப்பினால் ஒருவன் ஏவல் மற்றவன் வண்டியைத் திருப்பும். ஆதலால் பந்தயத் திடல்களில் ஒவ்வொரு மீடிறனுக்கும் ஓர் அடையாளக் கவ்வி வைத்து, அதனைக் கையில் வைத்திருப்பவனே அனுப்பியை இயக்கலாம் என விதி செய்திருந்தனர். இக்காலத்தில் 2.4 கிகா ஹேட்ஸ் பட்டையில் இயங்கும் கருவிகளே பெருவழக்கு. அனுப்பியும் வாங்கியும் முதலில் ஒன்றையொன்று இனங்கண்டு பிணைந்துகொள்கின்றன. பிறன் ஏவலுக்கு வாங்கி செவிசாய்ப்பதில்லை. 27 மெகா ஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர், 2.4 கிகா ஹேட்ஸ் அலையின் நீளம் 12.5 சதமமீற்றர் மாத்திரமே. பழைய வண்டிகளின் முதுகில் நெடிய கம்பி ஆடிக்கொண்டிருந்ததும், புதியவற்றில் விரல் நீளக் கம்பியே போதுமாயிருப்பதும் இதனாலேயாம்.

சில்லைத் திருப்பும் சிறு பெட்டிக்குச் ‘சேவோ’ என்று பெயர். அதற்கு வேறு தமிழ்ப் பெயர் வைக்க யாம் முயலவில்லை. வாங்கியானது அதற்கு ஒரு செக்கனில் ஏறத்தாழ 50 தடவை மின்துடிப்பை அனுப்புகின்றது. அத்துடிப்பு 1.5 மில்லிசெக்கன் நீடித்தால் சேவோ நடுவில் நிற்கும். 1 மில்லிசெக்கனாகக் குறுகினால் ஒரு பக்கமும், 2 மில்லிசெக்கனாக நீண்டால் மறுபக்கமும் திரும்பும். துடிப்பின் நீளமே சொல். சேவோ அச்சொல்லைக் கேட்டு, தன்னுள்ளிருக்கும் அளவியோடு தன் நிலையை ஒப்பிட்டு, வேற்றுமை நீங்கும் வரை சுழல்கின்றது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. சேவோவின் தலையில் கையைப் பூட்டுவதற்கு முன் மின்னிணைத்து, அனுப்பியை இயக்கி, சேவோவை நடுநிலைக்கு வரச்செய்தல் வேண்டும். புத்தகத்தில் இது தெளிவாகவே இருந்தது. “கருவி முழுவதையும் கூட்டிய பின்னரன்றோ மின்சாரம்? முன்னரே ஏன்?” என்று எண்ணி யாம் அப்பக்கத்தைக் கடந்துசென்றோம். ஆறு கிழமைகள் கழிந்து, வண்டி முழு உருப்பெற்று, முதன்முறை மின்னிணைத்தபோது முன்சில்லுகள் இரண்டும் இடப்புறம் திரும்பி அப்படியே நின்றன. அனுப்பியிலுள்ள திருத்தக் குமிழை எல்லைவரை திருகியும் நேர்ப்படவில்லை. மாணவர் எம் முகத்தைப் பார்த்தனர். தவறு எம்முடையது என்பதை அவர்களிடம் சொன்னோம். சொல்லாமலிருக்க மனம் ஒரு கணம் தூண்டியதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

முன்பகுதி முழுவதையும் கழற்றவேண்டியதாயிற்று. ஆணிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றுவந்தன. இறுதியில் சேவோவைப் பிணைத்திருந்த ஓர் ஆணி அசையவில்லை. எம் தந்தையார் காலத்துத் திருப்புளி தின்ற ஆணி அதுவே. துளைபொறி கொண்டு துளைத்தெடுக்கலாம் என்றார் ஒருவர். துளைபொறி சிறிது வழுகினால் அடியிலுள்ள பிளாத்திக்குத் தூண் போய்விடும். பொருட்காட்சிக்குப் பதினொரு நாள்கள் இருந்தன. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பில் வாய் திறவாதவன், எம் இலக்கண வினாத்தாள்களில் பெரும்பாலும் வெற்றிடம் விடுபவன், இரும்பு அரிவாளின் முறிந்த துண்டொன்றைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவந்தான். ஆணியின் தலை மேலெழுந்து நின்றமையால், அத்துண்டைக் கொண்டு தலையின் குறுக்கே மெல்ல அறுத்து ஒரு நேர்ப்பள்ளம் உண்டாக்கினான். அரைமணி நேரம் சென்றது. பின்னர்த் தட்டையான திருப்புளியை அப்பள்ளத்தில் வைத்துத் திருப்பினான், ஆணி கழன்றுவிட்டது. “எங்கை பழகினாய்?” என்று கேட்டோம். “அம்மாவின்ரை தையல் மெசினிலை, சேர்” என்றான். அவன் தாயார் தையல் வேலை செய்து குடும்பம் நடத்துபவர். அவ்வியந்திரத்தின் பழுதுகளை அவனே பார்க்கின்றான் என்பதை ஒன்றரை ஆண்டு அவனுக்குப் படிப்பித்த யாம் அன்றுதான் அறிந்தோம்.

அன்றுமுதல் பற்சில்லுகளைப் பொருத்தும் பொறுப்பு அவனுடையதாயிற்று. குட்டியும் தாயும் பொருந்தும் இறுக்கம் மிகமிக முதன்மையானது. நெருங்கிப் பொருந்தினால் மோட்டர் வீணே உழைத்துச் சூடேறும். விலகிப் பொருந்தினால் பற்கள் ஒன்றையொன்று கடித்து உதிரும். இதற்குப் பந்தயக்காரர் கையாளும் உபாயம் எளிது. மெல்லிய கடதாசித் துண்டொன்றை இரு சில்லுகளுக்கும் இடையே செலுத்தி, மோட்டரைத் தள்ளி நெருக்கி, ஆணியை முடுக்கியபின் சில்லைச் சுழற்றிக் கடதாசியை வெளியேற்றினால், வேண்டிய இடைவெளி அமைந்துவிடும். அம்மாணவன் அவ்வாறு செய்தபின் காதை அருகில் வைத்துக் கேட்டான். “இன்னும் கொஞ்சம் இறுக்கம் சேர். எண்ணெய் காய்ஞ்ச மெசின் இப்பிடித்தான் கத்தும்” என்று கூறி மீண்டும் தளர்த்தினான். அவன் காது சரியே. ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டரைத் தொட்டுப் பார்த்தோம். கை வைக்கக்கூடிய சூடே இருந்தது.

பற்களின் எண்ணிக்கையே வேகத்தை வரையறுக்கும். ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். குட்டிக்கு 20 பல், தாய்க்கு 80 பல் எனின், குட்டி 4 முறை சுழலத் தாய் 1 முறை சுழலும். பெட்டியின் உள்ளே மேலும் 2.6 மடங்கு குறைவதாகக் கொண்டால் மொத்தம் 10.4 மடங்கு. மோட்டர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுழன்றால் பின்சில்லு ஏறத்தாழ 1,442 சுற்றுச் சுழலும். சில்லின் விட்டம் 86 மில்லிமீற்றராயின் அதன் சுற்றளவு 27 சதமமீற்றர். பெருக்கிப் பார்ப்போர், வண்டி மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீற்றர் ஓடும் எனக் காண்பர். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, கணித பாடத்துக்கு அஞ்சி ஓடுவோரும் குட்டிக்கு இரண்டு பல் கூட்டினால் என்னாகும் என்று தாமே கணித்தனர். வேகம் கூடும், இழுவலு குறையும், சூடும் மின்செலவும் மிகும் என்பது விடை.

மின்கலவடுக்கைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். முற்காலத்தில் நிக்கல் கதமியக் கலங்கள் வழங்கின. இப்பொழுது பந்தயக்காரர் இலிதியம் பொலிமர்க் கலங்களை விரும்புகின்றனர். அவை எடை குறைந்தவை, ஆற்றல் மிக்கவை. ஒரு கலம் 3.7 உவோற்று, நிரம்பியபோது 4.2; 3 உவோற்றுக்குக் கீழ் இறங்கவிட்டால் கெட்டுவிடும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினாலோ, குத்துப்பட்டாலோ தீப்பற்றவும் கூடும். எனவே அதற்குரிய ஏற்றியிலன்றி வேறெதிலும் ஏற்றலாகாது; ஏற்றும்போது ஆளில்லாமல் விடலாகாது. பாடசாலைக்கு இவ்வச்சம் வேண்டாம் என்று கருதி யாம் நிக்கல் ஐதரைட்டுக் கலங்கள் ஆறு கொண்ட 7.2 உவோற்று அடுக்கையே பயன்படுத்தினோம். வேகம் சற்றுக் குறையட்டும். இயக்கும் ஒழுங்கையும் குறித்துக்கொள்க: முதலில் அனுப்பி, பின்னர் வண்டி, நிறுத்தும்போது முதலில் வண்டி, பின்னர் அனுப்பி. மாறிச் செய்தால், ஏவுவோனற்ற வண்டி தன்பாட்டில் ஓடிச் சுவரில் மோதலாம்.

மேலுடல் கண்ணாடிபோல் ஒளிபுகும் பொலிகாபனேற்றுத் தகட்டால் ஆனது. அதற்கு உட்புறமே வர்ணம் பூசவேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். வெளியே பூசினால் முதற் கவிழ்விலேயே உரிந்துபோம். உள்ளே பூசுவதால் வழக்கமான ஒழுங்கு தலைகீழாகின்றது. மேலே தெரியவேண்டிய கோடுகளை முதலிற் பூசவேண்டும். அடித்தள நிறத்தை இறுதியிற் பூசவேண்டும். கருமையை முன்னும் வெண்மையை அதன் பின்னும் பூசினால் ஒன்றன் நிழல் மற்றதில் தெரியாது. சவர்க்காரநீரால் முதலில் கழுவுதலையும் சாளரங்களை மறைத்தலையும் மறவற்க. எம் கல்லூரி வர்ணங்களைப் பூசினோம். கோடு ஓரிடத்தில் கோணலாகிவிட்டது. அருகில் வந்து பார்ப்போர்க்கே தெரியும்.

பொருட்காட்சி நாளன்று விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் மண்மேடு நான்கு அமைத்திருந்தோம். வண்டியை ஓட்டியவன் அந்த எட்டாம் வகுப்பு மாணவன். மூன்றாம் மேட்டிலிருந்து வண்டி மேலெழுந்தபோது அதன் மூக்குக் கீழே சாய்ந்தது. மூக்குக் குத்தி விழப்போகின்றது என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டோம். அவனோ வானத்தில் நின்ற அக்கணத்தில் விசையைக் கூட்டினான். வண்டி மூக்கை உயர்த்தி நான்கு சில்லும் ஒருங்கே பதிய இறங்கியது. கூட்டம் ஆரவாரித்தது. இதில் மாயமில்லை. வானத்தில் நிற்கும் வண்டிக்குத் தரையின் பிடி இல்லை. அதன் கோண உந்தம் மாறாதிருத்தல் வேண்டும். பின்சில்லுகள் முன்னோக்கி விரைந்து சுழலத் தொடங்கினால், உடல் அதற்கெதிராகப் பின்னோக்கித் திரும்பி மூக்கை உயர்த்தும். தடையை அழுத்திச் சில்லுகளை நிறுத்தினால் மூக்குத் தாழும். இதனை அவனுக்கு யாம் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சி நாள்களில் அவன் தானே கண்டுபிடித்திருந்தான், பெயர்தான் தெரியாது. பின்னர்ப் பெயரைச் சொன்னோம். “கோண உந்தம்” என்று இருமுறை சொல்லிப் பார்த்தான்.

ஆசிரியர் அறை நண்பர் அன்று மூன்று முறை வரிசையில் நின்று ஓட்டினார். மூன்றாம் முறை அவர் கையில் வண்டி வேலிக் கம்பத்தில் மோதி முன்புற வலக்கை முறிந்தது. அவர்மீது எமக்குக் கோபமில்லை. பிளாத்திக்குக் கைகள் முறிவதற்கென்றே ஆனவை, அவை முறியாவிடின் உடலே முறியும். வண்டி இப்பொழுது விஞ்ஞான அறையின் கண்ணாடிப் பேழையில் மூன்று சில்லில் நிற்கின்றது. அவ்வுறுப்பின் இலக்கத்தைப் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் அன்பர் எவரேனும் அதனைத் தம் பயணப் பையில் கொண்டுவருவாராயின் பெரிதும் கடப்பாடுடையோம். முன்புறக் கைகள் ஒரு சோடியாகவே விற்கப்படும். எடை மிகச் சிறிது. கூடவே யப்பானிய அளவுத் திருப்புளி ஒன்றும் கிடைக்குமாயின் நன்று.